இரத்தினபுரிச் சாலையில் ஒரு மஞ்சட்கொடி

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களில் ஒன்றை மனத்திற் கொண்டே பஸ் ஏறுகிறார்கள். ஒன்று மாணிக்க வியாபாரம்; மற்றது சிவனொளிபாத மலை யாத்திரை. நாம் போனது இவ்விரண்டின் பொருட்டும் அன்று. ஒரு கொடியைப் பார்ப்பதற்காகப் போனோம். சிங்கள மக்கள் வெனிவெல் என்றும் நம்மவர் மரமஞ்சள் என்றும் வழங்கும் அக்கொடி, சபரகமுவ மாகாணத்து ஈரக் காடுகளில் பெருமரங்களைப் பற்றி ஏறி வளர்வது. நூல்களில் அதன் படத்தைப் பார்த்தவர் பலர். உலர்ந்த துண்டைக் கடையில் வாங்கியவர் அவரினும் பலர். காட்டில் உயிரோடு நிற்கக் கண்டவர் மிகச் சிலரே.

அவிசாவளையைத் தாண்டியதும் நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. வெட்டுக்காயத்தின் கீழே சிரட்டையைத் தாங்கி நிற்கும் ரப்பர் மரங்கள், அவற்றுக்கு அப்பால் தாழ்ந்த குன்றுகளில் தேயிலை, பள்ளங்களில் வயல், வயலுக்கு நடுவே தென்னோலை வேய்ந்த சிறு கூரைகள். எகலியகொடையும் குருவிற்றையும் கடந்து நகரை அடையும்போது மழை பிடித்துக் கொண்டது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் அதைக் குறை சொல்வது முறையாகாது.

கடைத்தெருவில் நாட்டு மருந்துக் கடையொன்றில் ஒதுங்கினோம். கடைக்காரர் ஒரு சாக்கின் வாயைத் திறந்து காட்டினார். விறகுத் துண்டு போன்ற தண்டுகள். வெட்டு முகம் மட்டும் அரைத்த மஞ்சளைப் போல ஒளிர்ந்தது. குறுக்கு வெட்டில் சல்லடைக் கண்கள் போலச் சிறு துளைகள். இத்தாவரத்தின் சாஸ்திரப் பெயரான கொசினியம் என்பதும் சல்லடை என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே. ஒரு துண்டை நாவில் வைத்தால் அதன் கசப்பு அரை மணி நேரம் நீங்காது. காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் இந்நாட்டில் வீடு தோறும் காய்ச்சப்படும் பஸ்பங்குவ என்னும் ஐந்து சரக்குக் கஷாயத்தில், கொத்தமல்லி, இஞ்சி, கண்டங்கத்தரி, பற்படாகம் ஆகியவற்றோடு மரமஞ்சளும் ஒன்று. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது மரமஞ்சளும் கொத்தமல்லியும் அவியாத அடுப்பு இல்லை என்னும்படி ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருந்து வணிகர் இதைச் சிலோன் கலும்பா என்ற பெயரில் வாங்கி, ஆபிரிக்காவிலிருந்து வரும் உண்மையான கலும்பா வேருக்குப் பதிலாகக் கலந்து விற்றனர். போலி என்று அங்கே இகழப்பட்டது இங்கே மூலச்சரக்கு. பொருளின் மதிப்பு அது எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது போலும்!

மறுநாட் காலை நிவித்திகலை வழியாகக் கலவானைக்குப் புறப்பட்டோம். இந்த வழியெங்கும் மாணிக்கக் குழிகள். வயல் நடுவே நாம் கண்ட ஓலைக் கூரைகள் அக்குழிகளுக்குக் குடை பிடிப்பவையே. மூங்கிலும் கம்பும் கொண்டு பக்கங்களை அணைகட்டிக் கிணறு போல ஆழத்துக்குத் தோண்டுகிறார்கள். மாணிக்கம் கிடக்கும் சரளை மண்ணுக்குச் சிங்களத்தில் இல்லம என்று பெயர். நமக்கு இல்லம் என்றால் வீடு. அவர்களுக்கோ வீட்டைக் காப்பாற்றும் மண். தோண்டத் தோண்ட நாலா பக்கமும் நீர் ஊறிக்கொண்டேயிருக்கும். ஆகவே குழியின் ஓரத்தில் ஒரு பம்பு இடைவிடாமல் இரைந்து நீரை வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது. அது நின்றால் வேலையும் நின்றது. கவனியாமல் விட்டால் உள்ளே இருப்பவர் பாடு ஆபத்து. இந்தப் பம்பை வாசகர்கள் சற்றே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வேறோரிடத்தில் அது நமக்குப் பயன்படும்.

கலவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில், பழைய மாணவர் ஒருவரின் பாட்டியார் வீட்டில் இறங்கினோம். லயத்தின் கடைசிக் காம்பரா அது. முற்றத்தில் காலை வைத்ததுமே கிழவி, "ஐயா, செருப்பைக் கழட்டுங்க. அட்டை ஏறியிருக்கு" என்று கூவினார். ஏறித்தான் இருந்தது, ஒன்றல்ல, நான்கு! அவர் உப்பைத் தூவி அவற்றை உதிர்த்துவிட்டு, அடுப்பில் கொதித்து ஆறியிருந்த மஞ்சள் நீரால் கடிவாயைக் கழுவினார். "மரமஞ்சத் தண்ணி. புண்ணு பிடிக்காது" என்றார்.

"எங்கே வெட்டினீர்கள், அம்மா?"

"இப்ப எங்கய்யா வெட்டுறது? டவுன்ல காசு குடுத்து வாங்குறோம். நான் கொழுந்தெடுத்த காலத்துல காட்டோரமா நின்னுச்சு. ஒரே துண்டை நாலு வாட்டி அவிச்சு எடுக்கிறேன், பாருங்க."

அவர் காட்டிய தகரப் பேணியில், வெளுத்துப்போன அந்தத் துண்டின் பக்கத்தில் இன்னொரு பொருளும் இருந்தது. வெள்ளித்தாள் ஒட்டிய மாத்திரை அட்டையொன்றில் ஏழெட்டு மாத்திரைகள். பேரனுக்குத் தொடையில் கட்டி வந்து காய்ச்சல் கண்டபோது கொடுக்கப்பட்ட அன்டிபயோட்டிக் மாத்திரைகளாம். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. மிச்சத்தை வீணாக்குவானேன் என்று, அடுத்த முறை யாருக்காவது உதவும் என்று எடுத்து வைத்திருக்கிறார். சிக்கனமான குடும்பத்தில் மிச்சம் பிடிப்பது புண்ணியம். ஆனால் இந்த ஒரு பொருளில் மட்டும் அது விபரீதமாக முடிகிறது.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாந்தர் ஃபிளெமிங் 1945ஆம் ஆண்டு டிசம்பரில் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவில் ஒரு கற்பனைக் குடும்பத்தை வருணித்தார். தொண்டை நோவுற்ற கணவன் தானே பெனிசிலின் வாங்கி, கிருமிகளைக் கொல்லப் போதாத, ஆனால் அவற்றுக்குத் தற்காப்புக் கற்பிக்கப் போதுமான அளவு உண்கிறான். பிறகு அக்கிருமி அவன் மனைவியைத் தொற்றுகிறது. இப்போது பெனிசிலின் பலிப்பதில்லை. அவள் இறந்து போகிறாள். அன்று அது கற்பனை. மெதிசிலின் என்னும் புதிய மருந்து புழக்கத்துக்கு வந்த ஓரிரண்டு ஆண்டுக்குள்ளேயே, 1961இல், அதற்கும் அடங்காத ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் கிருமி இங்கிலாந்தில் அறியப்பட்டது. கட்டி, சிரங்கு, புண்ணில் சீழ் ஆகியவற்றை உண்டாக்கும் அதே கிருமி. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்களின் நேர்விளைவாக உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று லான்செற் மருத்துவ இதழில் 2022இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது.

பேரனுக்கு முழு நாட்களுக்கும் மாத்திரை கொடுத்திருக்க வேண்டும் என்பதை அந்த அம்மையாருக்குப் பக்குவமாகச் சொன்னோம். "மெய்யாவா?" என்று கேட்டுவிட்டுப் பேணியை மூடினார். நம்பினாரோ, விருந்தினர் முகத்துக்காகக் கேட்டுக்கொண்டாரோ!

இனிப் பம்புக்கு வருவோம். மரமஞ்சளின் மஞ்சள் நிறத்துக்கும் கசப்புக்கும் காரணமான பொருள் பெர்பெரின். வட இந்தியாவில் தாருஹரித்திரை என்று வழங்கும் பெர்பெரிஸ் செடியும் நம் மரமஞ்சளும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. எனினும் இரண்டிலும் இந்த ஒரே பொருள் இருப்பதால், வைத்தியர்கள் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் பயன்படுத்தி வந்தனர். பரிசோதனைக் குழாயில் பெர்பெரினுக்குக் கிருமியைத் தாக்கும் தன்மை உண்டு. ஆயினும் அது வலுவான ஆயுதம் அன்று. காரணம் என்ன? ஸ்டபிலோகொக்கஸ் கிருமியின் சவ்வில் நோர் ஏ எனப்படும் ஒரு பம்பு இருக்கிறது. உள்ளே புகும் பெர்பெரினை அது உடனுக்குடன் வெளியே இறைத்துத் தள்ளிவிடுகிறது. மாணிக்கக் குழியில் நீர் ஊறுவதும் பம்பு கொட்டுவதும் போலத்தான். வைத்தியர் கொடுக்கும் சில நுண்ணுயிரெதிரி மருந்துகளையும் இதே பம்பு வெளியேற்றுகிறது.

2000ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான ஃபிராங்க் ஸ்டெர்மிட்ஸ், கிம் லூயிஸ் ஆகியோரும் அவர்தம் தோழரும் அந்நாட்டுப் பெர்பெரிஸ் செடிகளை ஆராய்ந்தபோது ஒரு விந்தை வெளிப்பட்டது. செடி பெர்பெரினை மட்டும் உண்டாக்குவதில்லை. அதோடு மெதொக்ஸிஹிட்னோகார்பின் என்ற நீண்ட பெயருடைய இன்னொரு பொருளையும் உண்டாக்குகிறது. இந்த இரண்டாம் பொருளுக்குத் தனியே நின்று கிருமியைக் கொல்லும் சக்தி கிடையாது. ஆனால் அது பம்பை அடைத்துவிடுகிறது! பம்பு நின்றதும் குழியில் நீர் நிறைவது போலக் கிருமிக்குள் பெர்பெரின் நிறைகிறது. கிருமி வளர வழியில்லாமற் போகிறது. ஒருவன் வாளேந்தி நிற்க, மற்றொருவன் பகைவனின் கேடயத்தைப் பற்றிக்கொள்வது போன்ற கூட்டு வேலை.

இன்னொரு செய்தி நம்மவருக்குச் சுவையானது. இந்த இரண்டாம் பொருளின் பெயரிலுள்ள ஹிட்னோகார்பின் என்பது ஹிட்னோகார்பஸ் மரத்தின் பெயரிலிருந்து வந்தது. அது வேறெதுவும் அன்று. சித்த வைத்தியர்கள் குஷ்டத்துக்கும் தோல் நோய்களுக்கும் எடுத்தாண்ட நீரடிமுத்தின் குடும்பம். அமெரிக்கப் புதரில் கண்ட அந்தத் துணைப்பொருள், அதற்கு முன்னரே நீரடிமுத்து வகை எண்ணெயில் சிறிதளவு இருப்பதாக அறியப்பட்டதே. முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்று மார்தட்டுவது நமக்கு உடன்பாடன்று. பம்பைப் பற்றியோ கிருமியைப் பற்றியோ அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் தனிச் சரக்கை நம்பாமல் பல சரக்கைக் கூட்டிக் காய்ச்சும் வழக்கத்தில், இன்றைய ஆய்வாளர் திரும்பிப் பார்க்கத்தக்க ஏதோ ஒன்று இருந்திருக்கிறது.

மேற்கொண்டு செல்லுமுன் ஓர் எச்சரிக்கை. பரிசோதனைக் குழாயில் வெற்றி கண்டதெல்லாம் மனித உடம்பில் பலிப்பதில்லை. வாய்வழி உட்கொள்ளும் பெர்பெரினில் இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பம்பை அடைக்கும் அந்தத் துணைப்பொருளும் இன்றுவரை மருந்துக்கடைக்கு வந்து சேரவில்லை. அட்டைக்கடியைக் கழுவ மரமஞ்சள் நீர் உதவலாம். ஆனால் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மழைக்குப் பின் தலைகாட்டும் எலிக்காய்ச்சலுக்குக் கஷாயம் காய்ச்சிக்கொண்டு வீட்டிலிருந்தால் உயிருக்கே மோசம். அதுவும் ஒரு பற்றீரியாவின் வேலைதான். பெனிசிலினும் டொக்சிசைக்கிளினும் அதற்கு இன்னும் பலிக்கின்றன. வயலிலும் மாணிக்கக் குழியிலும் இறங்குவோருக்குச் சுகாதார அதிகாரிகள் டொக்சிசைக்கிளின் வழங்குவது இதனாலேதான். இரும்பு குத்திய காயத்துக்கு ஏற்பு ஊசியே மருந்து. மஞ்சள் நீர் அன்று.

கலவானையிலிருந்து வெத்தாகலை வழியாகக் குடாவையை அடைந்தால் சிங்கராஜ வனத்தின் வாயில். யுனெஸ்கோ நிறுவனம் 1988இல் உலக மரபுரிமையாக ஏற்ற காடு இது. உள்ளே காலெடுத்து வைத்ததும் வெளியுலகின் ஓசை அடங்கிவிடுகிறது. மேலே இலைப்பந்தல், கீழே ஈரச் சருகு, எங்கோ நீரின் சலசலப்பு. இங்குள்ள மர இனங்களில் நூற்றுக்கு 60க்கு மேற்பட்டவை இத்தீவையன்றி வேறெங்கும் இல்லாதவை. வழிகாட்டியாக வந்த இளைஞர் ஓரிடத்தில் நின்று மேலே சுட்டினார். கைப்பருமனுள்ள கொடியொன்று ஒரு நெடுமரத்தை அணைத்து ஏறி, உச்சியில் அகன்ற இலைகளை விரித்திருந்தது. காற்றில் இலை திரும்பும்போதெல்லாம் அடிப்புறம் வெள்ளையாகப் பளிச்சிட்டது. பட்டை சாம்பல் நிறம். வெட்டினாலன்றி உள்ளே அவ்வளவு மஞ்சள் இருப்பதை யாரும் ஊகிக்க முடியாது. எத்தனையோ ஆண்டுகள் மழையில் நனைந்து நின்ற கொடி. கிழவியின் பேணியிலிருந்த துண்டு நினைவுக்கு வந்தது.

மரமஞ்சளில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. இரண்டும் அருகருகே இருந்தாலன்றி விதையில்லை. விதை முளைப்பதும் அரிது; முளைத்த கொடி தடிக்கப் பல ஆண்டுகள் செல்லும். வெட்டுகிறவனோ அடித்தண்டையே வெட்டுகிறான். இலையைக் கிள்ளுவதோடு நிற்பதில்லை. ஆகவே மருந்தாகும் ஒவ்வொரு துண்டும் ஒரு கொடியின் ஆயுளைக் குறைத்துத்தான் வருகிறது. தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் இது அழிவின் விளிம்புக்கே வந்துவிட்டது. இங்கே காப்புக்காட்டில் வெட்டுவது குற்றம். இருந்தும் திருட்டு வெட்டு நின்றபாடில்லை.

இதற்கு மாற்றாக ஒரு முயற்சியும் குடாவைக்கு அருகிலேயே நடந்திருக்கிறது. காட்டின் ஓரத்தில், அரணாக இருக்கட்டும் என்று பைன் மரங்களை முன்னர் நட்டிருந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளரான நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக தம்பதியரும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து மார்க் ஆஷ்டனும் 1990களில் அந்தப் பைன் மரங்களின் நிழலில் காட்டு மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தனர். கித்துள், பிரம்பு, ஏலம் ஆகியவற்றோடு மரமஞ்சளும் அவ்வாறு நட்டுப் பார்க்கப்பட்டது. அந்நியப் பைன் மரம் செவிலித்தாயாக நின்று உள்நாட்டுப் பிள்ளைகளை வளர்க்கிறது. காட்டை வெட்டாமல் மருந்து பெற வேண்டுமாயின் இப்படியொரு வழியைத் தவிர வேறு வழி நமக்குத் தோன்றவில்லை.

அதே பாதையில் வழிகாட்டி இன்னொரு மரத்தின் அடியைத் தட்டிக் காட்டினார். நேரான அடிமரம், பட்டையில் நீளவாட்டில் வெடிப்புகள். சிங்களத்தில் கீன என்பர். நம் புன்னைக்கு நெருங்கிய உறவு. இந்தக் கீன இனங்களிலிருந்து காலோசெய்லொக்ஸாந்தோன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தவர்கள் கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவகத்தைச் சேர்ந்த தர்மரத்னவும் அவருடைய உடனாய்வாளரும். ஜப்பானிய விஞ்ஞானி சாக்ககாமியின் குழுவோடு சேர்ந்து அவர்கள் அதைச் சோதித்தபோது, கடைசிக் கோட்டையெனக் கருதப்பட்ட வன்கோமைசினுக்கும் அடங்காத என்டரோகொக்கஸ் கிருமியை அது தாக்குவதும், வேறு மருந்துகளோடு சேரும்போது கூடுதல் பலன் தருவதும் தெரியவந்தன. 2002இல் அம்முடிவு வெளியாயிற்று. 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இந்த வனத்தில் மரங்களை வெட்டிக் குவித்தனர். மக்கள் எதிர்ப்புக்குப் பிறகே அது நின்றது. நிற்காதிருந்தால் எத்தனை கீன மரங்கள் தேயிலைப் பெட்டியின் பலகையாகப் போயிருக்குமோ!

அதே குழுவினர் மங்குஸ்தான் மரப்பட்டையிலிருந்து எடுத்த அல்ஃபா மங்கொஸ்தின் என்ற பொருளையும் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டனர். மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டபிலோகொக்கஸ் மீது அது மில்லிலீற்றருக்கு 6.25 முதல் 12.5 மைக்ரோகிராம் என்ற சிறிய அளவிலேயே வேலை செய்தது. வன்கோமைசினோடு சேர்ந்தபோது இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன. இங்கும் அதே கதைதான். தாவரம் தரும் பொருள் தனிப்படை நடத்தும் தளபதியாக அல்ல, துணைக்கு வரும் தோழனாகவே மேலும் மேலும் வெளிப்படுகிறது. இன்று நாம் உண்ணும் நுண்ணுயிரெதிரிகளிற் பெரும்பாலானவை பூஞ்சணத்திலிருந்தும் மண்ணில் வாழும் பற்றீரியாவிலிருந்தும் வந்தவை. உயர் தாவரங்கள் அந்த வரிசையில் இடம் பெறவில்லை. அவற்றில் பெனிசிலினுக்கு ஒரு மாற்றைத் தேடியவர்கள் ஏமாந்தார்கள். பெனிசிலினுக்கு ஒரு துணையைத் தேடுகிறவர்களுக்கு இன்னும் நம்பிக்கைக்கு இடமிருக்கிறது.

அப்படியானால் தோட்டத்து மக்களின் கையில் நாள் முழுதும் புரளும் தேயிலை என்ன செய்கிறது? திரும்பும் வழியில் ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்தோம். கொழுந்தை வாட்டும் தட்டுகளிலிருந்து பச்சை வாசனை எழுந்தது. பச்சைக் கொழுந்தின் உலர் எடையில் கால் பங்குக்கு மேலும் பொலிபீனோல் என்னும் துவர்ப்புப் பொருள்கள் இருப்பதுண்டு. அவற்றுள் ஒன்று எபிகட்டச்சின் கலேட். 1999இல் ஜப்பானின் ஒக்காயாமா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், இதைச் சிறிதளவு சேர்த்தால் மெதிசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத கிருமி மீண்டும் அவற்றுக்கு அடங்குகிறது என்று காட்டினர். அதன் வகை இது: பெனிசிலின் வகை மருந்துகள், கிருமியின் சுவரைக் கட்டும் கொத்தனின் கையைக் கட்டிப்போடுகின்றன. அடங்காத கிருமியோ கட்டுக்குள் அகப்படாத வேறொரு கொத்தனை வேலைக்கு அமர்த்திக்கொள்கிறது. ஆனால் புதுக் கொத்தன் பழைய கொத்தனின் பக்கத்தில் நின்றால்தான் வேலை செய்வான். தேயிலைப் பொருள் கிருமியின் சவ்வுக்குள் நுழைந்து பழைய கொத்தனை இடம்பெயரச் செய்துவிடுகிறது. கூட்டு குலைந்தது, சுவரும் குலைந்தது.

இதைக் கேட்டுத் தினம் எட்டுக் கோப்பை தேநீர் குடிக்கப் புறப்பட வேண்டாம். சபரகமுவத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் ஆவது கறுப்புத் தேயிலை. அரைத்த கொழுந்து காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகும்போது இந்தத் துவர்ப்புப் பொருள்களிற் பெரும்பகுதி உருமாறிவிடுகிறது. தேநீரின் செந்நிறமும் சுவையும் அந்த உருமாற்றத்தின் வரவு. எஞ்சியதும் குடலைத் தாண்டி இரத்தத்தில் சேருமுன் பெரும்பாலும் சிதைந்து போகிறது. சிதையாத வகையொன்றைச் செயற்கையாக உண்டாக்க வேதியியலாளர் முயன்றிருக்கிறார்கள். கொழுந்து எடுப்பவளின் கூடையில் இருக்கும் பொருளுக்கும் ஆஸ்பத்திரிக் குப்பிக்கும் இடையே தூரம் இன்னும் நெடிது.

அவிசாவளைக்கு மீண்டு, அங்கிருந்து களனி ஆற்றோரமாகக் கரவனெல்லைக்கும், புளத்கொகுப்பிட்டி வழியாகக் கேகாலைக்கும் சென்றோம். ரப்பர் நிழலிலேயே முழுப் பிரயாணமும் கழிந்தது. அமைதியே உருவான இந்த ஊர்களில் 1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மூண்ட மலேரியாவைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. அக்கொள்ளைநோயில் கேகாலை மாவட்டம் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்க, நுளம்பு பெருகியது. 1935க்குள் நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலிய சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் சுமந்து நடந்தது இந்த மண்ணில்தான். அன்று கையிலிருந்த முதன்மை மருந்து குயினைன். அதுவும் ஒரு மரப்பட்டையின் சாரம். காப்பிப் பயிர் நோயால் அழிந்த காலத்தில் இலங்கைத் துரைமார் அந்தச் சிங்கோனா மரத்தைத் தோட்டம் தோட்டமாக நட்டுப் பட்டையை ஏற்றுமதி செய்தார்கள். விலை சரிந்ததும் பிடுங்கி எறிந்துவிட்டுத் தேயிலைக்கு மாறினார்கள். கொள்ளைநோய் வந்தபோது மருந்து கடல் கடந்து வர வேண்டியிருந்தது.

மலேரியா பற்றீரியா அன்று. வேறு வகை நுண்ணுயிர். ஆனாலும் அது புகட்டிய பாடத்தை மருத்துவ உலகம் மறக்கவில்லை. குளோரோகுயின் என்ற செயற்கை மருந்துக்கும் அது பல நாடுகளில் அடங்காமற் போயிற்று. பிறகு சீனத்து விஞ்ஞானி தூ யூயூ ஒரு மூலிகையிலிருந்து 1972இல் பிரித்தெடுத்த ஆர்த்தெமிசினினை, அதற்கும் எதிர்ப்பு தோன்றாதிருக்க, இன்று தனியே கொடுப்பதில்லை; எப்போதும் மற்றொரு மருந்தைத் துணைசேர்த்தே கொடுக்கிறார்கள். இலங்கை 2016 செப்டெம்பரில் மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்டது.

கேகாலைக்கு அண்மையில், தெருவோரத்து வீடொன்றின் முற்றத்தில் பாயை விரித்துக் கொறுக்காய் உலர வைத்திருந்தார்கள். வெயில் கண்டபோது விரிப்பதும் தூற்றல் விழுந்தால் சுருட்டிக்கொண்டு ஓடுவதுமாக ஒரு சிறுமி காவல் இருந்தாள். கொறுக்காயும் மங்குஸ்தானும் ஒரே இனத்தவை. தர்மரத்ன ஆராய்ந்த பட்டைக்கு இது அண்ணன் தம்பி முறை என்று அவளிடம் சொன்னோம். "இது மீன் குழம்புக்குப் போடுறது, சேர்" என்று, நமக்கு ஒன்றும் தெரியாது என்ற முடிவோடு பதில் வந்தது. மரக்கறி உண்ணும் நாமும் கால் கிலோ வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டோம். கொழும்பு பஸ் வருவதற்குள் மறுபடியும் தூறத் தொடங்கியது. சிறுமி பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள்.